இடுமுறையும் பொருளின் சுயாதீனமும்

பொருள் நோக்குச் செய்நிரலாக்கத்தைக் கற்கப் புகும் மாணவன் முதற் சில வாரங்களிலேயே ஒரு வழக்கத்துக்குப் பழக்கப்படுகிறான். வகுப்பு ஒன்றை எழுதும்போது அதனுள் இடம்பெறும் மாறிகள் யாவற்றையும் அந்தரங்கமானவை என அறிவித்தல் வேண்டும் என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. சொல்லப்பட்டவாறே செய்கிறான். அடுத்த கணமே, அந்தரங்கமாக்கப்பட்ட ஒவ்வொரு மாறிக்கும் அதன் பெறுமானத்தைப் பெற்றுத்தரும் முறை ஒன்றும், அப்பெறுமானத்தை மாற்றியிடும் முறை ஒன்றும் பகிரங்கமாக எழுதப்படல் வேண்டும் என்று சொல்லப்படுகிறது. அதனையும் செய்கிறான். கதவைப் பூட்டிவிட்டுத் திறப்பைக் கதவிலேயே தொங்கவிடும் இவ்வினோதமான சடங்குக்கு 'உறையாக்கம்' என்று பெயர் சூட்டப்படுகிறது. பரீட்சையில் இதற்குப் புள்ளியும் வழங்கப்படுகிறது.

ஆங்கிலத்திற் 'கெற்றர்', 'செற்றர்' என வழங்கும் இவ்விரு முறைகளையும் பெறுமுறை, இடுமுறை எனத் தமிழிற் குறிப்பிடலாம். இவற்றுட் பெறுமுறை பற்றிய வழக்கு வேறு. அது இங்கு விசாரிக்கப்படவில்லை. இடுமுறையே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. அதன்மீது சுமத்தப்படும் குற்றம் வெறும் அழகியற் குற்றமன்று. பொருளொன்று தன் நிலைக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும் என்ற அடிப்படை உடன்படிக்கையை அது முறிக்கிறது; பொருளுக்குள் இருக்கவேண்டிய விதியை வெளியே, எவரெவரோ எழுதும் நூறு இடங்களுக்குத் துரத்திவிடுகிறது. இதுவே குற்றச்சாட்டு.

கணினியியலிற் பரிச்சயமற்ற வாசகருக்காக ஒரு விளக்கம் அவசியமாகிறது. செய்நிரலாக்கத்திற் பொருள் எனப்படுவது, சில தரவுகளையும் அத்தரவுகளின்மீது தொழிற்படும் முறைகளையும் ஓரிடத்தே கொண்ட கூறு ஆகும். ('பொருள்' என்ற சொல்லுக்குத் தமிழில் அர்த்தம் என்ற கருத்தும் உண்டென்பது இவ்விடத்துத் தற்செயலான பொருத்தமே எனினும் சுவையானது.) அத்தகைய பொருள்களின் பொது வார்ப்பு 'வகுப்பு' எனப்படும். ஒரு பொருளின் தரவுகள் ஒரு குறித்த வேளையிற் கொண்டுள்ள பெறுமானங்களின் தொகுதியே அதன் நிலை. இடுமுறை என்பது, வெளியிலுள்ள எவரும் அந்நிலையின் ஒரு துண்டைத் தாம் விரும்பியவாறு மாற்றுவதற்குத் திறந்துவைக்கப்பட்ட வாயில்.

இவ்வாயில் எவ்வாறு வந்தது என்பதை வரலாற்று நோக்கிற் பார்த்தல் பயனுடையது. 1967இல் ஒஸ்லோவிலுள்ள நோர்வேக் கணிப்பு நிலையத்தில் ஓலே யொஹான் டாலும் கிறிஸ்ரன் நிகோர்ட்டும் உருவாக்கிய சிமுலா 67 என்ற மொழியிலேயே வகுப்பு, பொருள் என்பன முதன்முதலில் முழுவுருப் பெற்றன. அம்மொழியில் ஆரம்பத்திற் பொருளின் தரவுகள் வெளியாருக்கு மறைக்கப்படவில்லை. மறைக்கும் வசதி பிற்பாடே சேர்க்கப்பட்டது. மறைத்தல் ஏன் வேண்டும் என்ற கேள்விக்குத் தெளிவான விடையளித்தவர் டேவிட் பார்னஸ். 1972 டிசெம்பரில் அவர் வெளியிட்ட கட்டுரை கணினியியலின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது.

பார்னஸ் எடுத்துக்கொண்ட உதாரணம் கலைப்பீடத்தாருக்கு அந்நியமானதன்று. தலைப்புகளின் நிரல் ஒன்றைக் கொண்டு, அவற்றின் ஒவ்வொரு சொல்லையும் முதலாகக் கொண்டு சுழற்றி, அகரவரிசைப்படுத்தித் தரும் சொல்லடைவு ஒன்றை ஆக்குவதே அவ்வுதாரணம். பழந்தமிழ் நூல்களுக்குச் சொல்லடைவு தயாரித்தோர் தாள்களில் எழுதி அடுக்கிச் செய்த வேலையின் ஓர் உறவுமுறை அது எனலாம். இவ்வேலையை இருவகையாகப் பகுக்கலாம் என்று பார்னஸ் காட்டினார். உள்ளிடல், சுழற்றல், வரிசைப்படுத்தல், அச்சிடல் எனச் செயற்படிகளை ஒட்டிப் பகுப்பது ஒன்று. அவ்வாறு பகுத்தால் எல்லாப் பகுதிகளும் ஒரே தரவமைப்பைப் பங்குபோட்டுக் கொள்கின்றன. எழுத்துகள் நினைவகத்தில் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்ற ஒரு தீர்மானம் மாறினால் எல்லாப் பகுதிகளும் மாறவேண்டும். மாறக்கூடிய தீர்மானம் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பகுதியினுள் ஒளித்துவைப்பது மற்றது. பின்னதே சிறந்தது என்பது அவரது முடிவு. ஆக, மறைக்கப்படவேண்டியது மாறி அன்று, தீர்மானம். மாறியை மறைத்துவிட்டுத் தீர்மானத்தை வெளியே விட்டால் மறைத்ததாகாது. இந்நுணுக்கமே பிற்காலத்திற் பலராலும் மறக்கப்பட்டது.

சிமுலாவின் கருத்தை உள்வாங்கி 1970களில் ஸெறொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ற்றோ ஆய்வு நிலையத்தில் அலன் கே முதலியோர் சிமோல்ரோக் மொழியை உருவாக்கினர். அதிற் பொருளின் மாறிகளை வெளியார் தொடவே இயலாது. பொருளுக்குச் செய்தி அனுப்பலாம். அச்செய்திக்கு எவ்வாறு தொழிற்படுவது என்பதைப் பொருளே தீர்மானிக்கும். பொருள்களைவிட அவற்றிடையே நிகழும் செய்திப் பரிமாற்றமே தலையாயது என்று அலன் கே 1998இற் கூட வற்புறுத்த நேர்ந்தது. வற்புறுத்த வேண்டியிருந்தது என்பதே அதற்கிடையில் என்ன நடந்துவிட்டது என்பதற்குச் சான்று.

நடந்தது இதுதான். 1995இல் சன் மைக்றோசிஸ்ரம்ஸ் நிறுவனம் ஜாவா மொழியை வெளியிட்டது. அடுத்து, 'ஜாவா பீன்ஸ்' என்ற பெயரில் ஒரு விதிமுறையையும் அது வகுத்தது, அதன் 1.01ஆம் பதிப்பு 1997ஆம் ஆண்டுக்குரியது. திரையிலே பொத்தான்களையும் பெட்டிகளையும் சுட்டியால் இழுத்துவைத்து அமைக்கும் கருவிகள், ஒரு கூறின் நிறம் யாது, அகலம் யாது என்பவற்றைக் கண்டறிந்து மாற்றுவதற்கு ஒரு பெயரிடல் ஒழுங்கு தேவைப்பட்டது. பெறுமுறையும் இடுமுறையும் குறித்த இரு முன்னொட்டுகளுடன் தொடங்கவேண்டும் என்ற ஒழுங்கு அத்தேவைக்காக வகுக்கப்பட்டது. அதாவது, ஒரு குறித்த வகைக் கருவியின் வசதிக்காக ஏற்பட்ட ஒழுங்கு அது. பொத்தானின் நிறத்தை மாற்றுவதற்கு உருவான வழக்கம் சில ஆண்டுகளுள் வங்கிக் கணக்குக்கும் சம்பளப் பட்டியலுக்கும் நோயாளர் பதிவேட்டுக்கும் பரவியது. செய்நிரலாளரின் தொகுப்புக் கருவிகள் ஒரு கட்டளையில் இம்முறைகளைத் தாமே எழுதித்தரத் தொடங்கின. இயந்திரம் எழுதித்தருவதை எவரும் கேள்விக்குட்படுத்துவதில்லை. 2003இல் அலென் ஹோலப் என்பார் இம்முறைகளைத் தீயவை என்றே தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார், எதிர்ப்புப் பெருமளவிற் கிளம்பியது, வழக்கமோ தொடர்ந்தது.

இடுமுறையாற் கேடு விளையும் என்பதற்கு ஊகங்கள் வேண்டியதில்லை. ஜாவா மொழியின் சொந்த நூலகத்திலேயே, அதன் முதற் பதிப்பிலிருந்தே, ஒரு சாட்சி இருக்கிறது. திகதியைக் குறிக்கும் 'டேற்' என்ற வகுப்பே அது. அதில் ஆண்டை இட ஒரு முறை, மாதத்தை இட ஒரு முறை, நாளை இட ஒரு முறை எனத் தனித்தனி இடுமுறைகள் அமைக்கப்பட்டன. இதில் என்ன தவறு இருக்கக்கூடும் என்று கேட்கத் தோன்றும். திகதி என்பது ஆண்டும் மாதமும் நாளும் சேர்ந்ததுதானே?

ஒக்டோபர் 31 என்ற திகதியைக் கொண்ட பொருள் ஒன்றை ஜூன் 15 என மாற்றவேண்டியுள்ளது எனக் கொள்க. முதலில் மாதத்தை ஜூன் என இட்டால், ஒரு கணத்துக்கு அது ஜூன் 31 ஆகிறது. அவ்வாறொரு நாள் இல்லை. எனவே அவ்வகுப்பு அதனை ஜூலை 1 எனத் தானே திருத்திக்கொள்கிறது. பின்னர் நாளை 15 என இட்டால் கிடைப்பது ஜூலை 15. பிழை அறிவித்தல் எதுவும் இல்லை. ஒரு மாதம் ஓசையின்றி நழுவிவிட்டது. அப்படியாயின் நாளை முதலில் இடவேண்டும் என்று விதி செய்யலாம் போலத் தோன்றும். அதுவும் நில்லாது. ஜூன் 15ஐ ஒக்டோபர் 31 ஆக்க முயன்று நாளை முதலில் இட்டால் ஜூன் 31, அதாவது ஜூலை 1 ஆகிவிடும். பிறகு மாதத்தை இட்டால் ஒக்டோபர் 1 கிடைக்கும். ஒரு மாற்றத்துக்கு ஓர் ஒழுங்கு சரி. மறு மாற்றத்துக்கு அதன் தலைகீழ் ஒழுங்கு சரி. எது சரி என்பதைத் தீர்மானிக்க, ஒவ்வொரு மாதத்துக்கும் எத்தனை நாள் என்பதை வெளியே இருப்பவர் அறிந்திருத்தல் வேண்டும். திகதி என்ற பொருளின் ஒரேயொரு ஞானம் அதுவே. அந்த ஞானத்தையே அது தன்னைப் பயன்படுத்துவோரிடம் கடன் கேட்கிறது.

இவ்விடத்தில் இடுமுறையின் ஆதரவாளர் பெரிதும் நம்பியிருக்கும் வாதம் ஒன்று சோதனைக்குள்ளாகிறது. மாறியை நேரடியாகத் திறந்துவிடுவதைவிட இடுமுறை மேலானது. ஏனெனில் உள்ளே தரவு எவ்வடிவில் உள்ளது என்பதை அது மறைக்கிறது. நாளை அவ்வடிவம் மாறினாலும் வெளியார் பாதிக்கப்படார் என்பர். டேற் வகுப்பு உள்ளே வைத்திருப்பது ஆண்டோ மாதமோ அன்று. 1970 ஜனவரி 1இலிருந்து கணிக்கப்பட்ட மில்லிசெக்கன்களின் எண்ணிக்கையே. அதாவது உள்வடிவம் மறைக்கப்பட்டுத்தான் இருக்கிறது. எனினும் கேடு விளைந்தது. உள்வடிவத்தை மறைத்தல் மட்டும் போதாது என்பது இதனாற் பெறப்படும். 'திகதியை மாற்று' என்ற ஒரு செயலை மூன்று துண்டுகளாக வெட்டி, அத்துண்டுகளை எவ்வொழுங்கிற் பொருத்துவது என்ற பொறுப்பை வெளியாரிடம் விட்டதே தவறு. மறைக்கப்படாது வெளியே விடப்பட்டது எண்ணன்று, விதி. அதுமட்டுமன்று, ஆண்டை இடும் முறை 1900ஐக் கழித்த எண்ணையே எதிர்பார்க்கிறது. 2024 என்று இட்டால் 3924ஆம் ஆண்டு கிடைக்கும். மாதங்களோ பூச்சியத்திலிருந்து எண்ணப்படுகின்றன. நாள்கள் மட்டும் ஒன்றிலிருந்து. இவ்வினோதங்கள் யாவும் அதற்கு முந்திய சீ மொழியின் திகதிக் கட்டமைப்பிலிருந்து அப்படியே வழிவந்தவை.

1997இல் வெளியான ஜாவா 1.1இலேயே இவ்விடுமுறைகள் கைவிடத்தக்கவை எனக் குறிக்கப்பட்டன. ஆயினும் அவை இன்றும் நூலகத்தில் உள்ளன. அவற்றை நம்பி எழுதப்பட்ட பழைய செய்நிரல்கள் உள்ளமையால் அகற்ற இயலவில்லை. ஒருமுறை பகிரங்கமாகத் திறந்த வாயிலை மூடுவது எத்துணைக் கடினம் என்பதற்கும் இது சான்று. 2014இல் ஜாவா 8 உடன் வந்த புதிய திகதி நூலகத்தில் இடுமுறை ஒன்றேனும் இல்லை. திகதிப் பொருள் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் ஒருங்கே பெற்றே பிறக்கிறது. பெப்ரவரி 30 என்று கேட்டால் பிறக்கவே மறுக்கிறது. மாதத்தை மாற்றக் கேட்டால் பழையதைத் தொடாமற் புதிய திகதி ஒன்றைத் தருகிறது. ஒக்டோபர் 31இன் மாதத்தை ஜூன் ஆக்கினாற் கிடைப்பது ஜூன் 30. இதுவும் வேடமிட்ட இடுமுறையே என்று சிலர் நகைப்பர். வேறுபாடு நகைப்புக்குரியதன்று: இங்கே இடைநிலை ஒன்றிலும் பொய்யான திகதி இல்லை, பழைய திகதியைக் கையில் வைத்திருப்பவரின் உண்மையும் மாறவில்லை.

பின்கூறியது தனியே நோக்கற்பாலது. ஜோசுவா புளொக் 2001இல் வெளியிட்ட 'எஃபெக்ரிவ் ஜாவா' என்ற நூலில் ஓர் உதாரணம் தரப்படுகிறது. தொடக்கத் திகதி, முடிவுத் திகதி இரண்டையும் கொண்ட காலவரையறை ஒன்று. முடிவு தொடக்கத்துக்கு முந்தாது என்ற விதியை அது பிறக்கும்போதே சரிபார்க்கிறது. அதற்கென இடுமுறை எதுவும் இல்லை. பார்வைக்கு அசைக்கமுடியாத கோட்டை. ஆயின் அது தன்னுள் வைத்திருப்பது டேற் பொருள்களை. அப்பொருளைத் தந்தவர் தம் கையிலுள்ள அதே பொருளில் ஆண்டை இடும் முறையை அழைத்தாற் போதும், கோட்டைக்குள் இருக்கும் முடிவுத் திகதி தொடக்கத்துக்கு முன்னே போய்விடுகிறது. தன்னிடத்தில் இடுமுறை வைக்காத பொருளும், இடுமுறை வைத்துள்ள அயலானால் அழிகிறது. ஆதலாற்றான், விரும்பியவர் வைத்துக்கொள்ளட்டும், விரும்பாதவர் விட்டுவிடட்டும் என்ற சமரசம் இவ்விடயத்திற் போதுமானதாகாது.

இடுமுறையினுள் சரிபார்ப்பை எழுதிவிடலாமே என்பது அடுத்த வாதம். பிழையான பெறுமானம் வந்தால் மறுத்துவிடலாம் என்பர். தனித்த ஒரு பெறுமானத்துக்கு இது பொருந்தும். வயது எதிர்க்கணியமாகலாகாது என்பதைத் தடுக்கலாம். ஆயின் உலகிலுள்ள முக்கியமான விதிகள் தனித்த பெறுமானங்களைப் பற்றியவை அல்ல. பெறுமானங்களுக்கிடையிலான உறவைப் பற்றியவை. மேற்கூறிய காலவரையறைக்குத் தொடக்கத்தை இடவும் முடிவை இடவும் இரு முறைகள் உள்ளன எனக் கொள்க. இரண்டும் விதியைச் சரிபார்க்கின்றன. காலவரையறை மார்ச்சு மாதத்தில் உள்ளது. அதனை மே மாதத்துக்கு நகர்த்தவேண்டும். தொடக்கத்தை முதலில் மேயில் இட முயன்றால், முடிவு இன்னும் மார்ச்சில் இருப்பதனால் மறுக்கப்படும். எனவே முடிவை முதலில் இடவேண்டும். ஜனவரிக்கு நகர்த்துவதாயின் ஒழுங்கு தலைகீழாகும். ஆக, சரிபார்ப்பு இல்லையேல் பொய். சரிபார்ப்பு உண்டேல் முட்டுக்கட்டை. இந்த முட்டுக்கட்டையிற் சலித்த செய்நிரலாளன் இறுதியிற் சரிபார்ப்பைத்தான் அகற்றுவான், இடுமுறையை அன்று. 'இவ்வளவு நாள் பின்னுக்கு நகர்' என்ற ஒரு முறை இருந்திருந்தால் இப்பிரச்சினை எழுந்தேயிராது.

பல்கலைக்கழக மாணவருக்கு மிக அணுக்கமான ஓர் உதாரணத்தை இனி நோக்கலாம். பரீட்சைப் பெறுபேறு ஒன்றைக் குறிக்கும் பொருளை ஒருவர் எழுதுகிறார். அதற்குள் புள்ளி, தரம், நிலை என மூன்று மாறிகள். வழக்கப்படி மூன்று இடுமுறைகள். முதலாம் பரீட்சகர் புள்ளியிடுவதும், இரண்டாம் பரீட்சகர் சரிபார்ப்பதும், பரீட்சைச் சபை உறுதிசெய்வதும், பின்னர் மாணவர் விண்ணப்பித்தால் மீள்பரிசீலனை நிகழ்வதும் வெவ்வேறு செயல்கள். வெவ்வேறு அதிகாரமுடையோர் செய்பவை. ஒன்று முடிந்த பின்னரே அடுத்தது நிகழக்கூடியவை. இடுமுறை அமைந்த பொருளில் இவை நான்கும் ஒன்றே: புள்ளியை இடு. சித்திப் புள்ளி 40 எனக் கொண்டால், 38 என்றிருந்ததை 41 என இட்டவர் தரத்தை இட மறந்துவிட்டால், 41 புள்ளியும் சித்தியின்மையும் ஒரே பெறுபேற்றில் அருகருகே குடியிருக்கும். சபை உறுதிசெய்த பின்னர் இட்டாலும் பொருள் மறுப்பதில்லை; அதற்கு அவ்வாறான ஒரு 'பின்னர்' இருப்பதே தெரியாது. ஏன் மாறியது, எச்செயலால் மாறியது என்ற வினாக்களுக்கும் அதனிடம் விடை இல்லை. தாளிற் பேணப்பட்ட பழைய பதிவேட்டில் அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்திலே சிறு ஒப்பமாவது இருந்தது.

இடுமுறையை விலக்கி அதே பொருளை எழுதினால் என்ன நிகழும்? 'இரண்டாம் பரீட்சகரின் புள்ளியை ஏற்றுக்கொள்', 'உறுதிபெறு', 'மீள்பரிசீலனையைப் பதிந்துகொள்' என்ற முறைகள் தோன்றும். புள்ளி மாறும்போது தரமும் பொருளுக்குள்ளேயே மாறும், மறப்பதற்கு எவருமில்லை. உறுதிபெற்ற பின்னர் முதலாம் பரீட்சகர் புள்ளியிட முற்பட்டால் மறுக்கப்படும். இந்த மறுப்பு எங்கே எழுதப்பட்டுள்ளது என்று தேடி நூறு கோப்புகளைப் புரட்டவேண்டியதில்லை, ஓரிடத்தில் இருக்கிறது.

மொழியைக் கற்போர் இவ்விடத்தில் ஓர் உண்மையை எளிதில் உணர்வர். இடுமுறை நிறைந்த செய்நிரலில் வினைச்சொல் ஒன்றே உண்டு. அது 'இடு' என்பது. கணக்கு மூடப்படுவதில்லை, அதன் நிலை இடப்படுகிறது. நூல் இரவல் கொடுக்கப்படுவதில்லை, இரவல் பெற்றவரின் எண் இடப்படுகிறது. ஊழியர் பதவி உயர்வதில்லை, பதவி இடப்படுகிறது. உலகின் வினைகள் யாவும் ஒரே வினையாகச் சுருங்கி, எஞ்சியவை யாவும் பெயர்ச்சொற்களாகிவிடுகின்றன. தன்வினை, பிறவினை என்ற இலக்கண வேறுபாட்டைக்கொண்டும் இதனை விளக்கலாம். திருந்துதல் தன்வினை, திருத்துதல் பிறவினை. செய்தி அனுப்பும் நெறியிற் பொருளுக்கு ஏவல் செல்கிறது, எழுவாயாக நின்று வினையாற்றுவது பொருளே. இடுமுறையிலோ பொருள் எப்பொழுதும் செயப்படுபொருள். எழுவாய் எப்பொழுதும் வெளியே நிற்கும் ஒருவர். இவ்வுவமையை அளவுக்கு மீறி நீட்டினால் உடைந்துவிடும் என்பது உண்மையே. இயந்திரத்துக்கு இரண்டும் முறையழைப்பே. ஆயின் செய்நிரலை வாசிப்பது இயந்திரம் மட்டுமன்று. ஆறு மாதத்தின் பின் அதனை வாசித்துத் திருத்தவேண்டிய மனிதனுக்கு, இன்ன வினை நிகழ்ந்தது என்று சொல்லும் வாக்கியத்துக்கும், மூன்று மாறிகளில் மூன்று பெறுமானங்கள் இடப்பட்டன என்று சொல்லும் வாக்கியத்துக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. பின்னதிலிருந்து முன்னதை அவன் ஊகித்தே அறியவேண்டியவனாகிறான்.

பரம்பரைப் பண்பிலும் இடுமுறை தன் கைவரிசையைக் காட்டாமலில்லை. சதுரம் ஒரு செவ்வகமா என்ற புகழ்பெற்ற சிக்கலை இத்துறையினர் அறிவர். கேத்திரகணிதத்தில் ஆம் என்பதே விடை. செய்நிரலில், அகலத்தை இடுமுறையும் உயரத்தை இடுமுறையும் கொண்ட செவ்வகத்திலிருந்து சதுரத்தைப் பெறுவித்தால், அகலத்தை மாற்ற உயரமும் மாறும். செவ்வகத்தை நம்பி எழுதப்பட்ட செய்நிரல் தடுமாறும். பார்பரா லிஸ்கோவின் பெயரால் வழங்கும் பதிலீட்டு நியதிக்கு இது முரணானது என்று எல்லாப் பாடநூல்களும் காட்டும், பரம்பரையைப் பழிக்கும். இடுமுறைகளை நீக்கிவிட்டால், மாறாத சதுரம் மாறாத செவ்வகமாக எவ்வித தடையுமின்றி நிற்கும் என்பதைச் சொல்லும் பாடநூல்கள் குறைவு.

எதிர்த்தரப்பின் வாதங்களுள் மதிக்கத்தக்கவையும் உள. அவற்றை மறைத்தல் நேர்மையாகாது. பார்னஸின் கட்டுரையைக் கூர்ந்து வாசித்தோர், அவர் முன்மொழிந்த வரிச் சேமிப்புப் பகுதியிலேயே, இத்தனையாம் வரியின் இத்தனையாம் சொல்லின் இத்தனையாம் எழுத்தை இடு என்ற முறை ஒன்று உள்ளதே என்று சுட்டுவர். உண்மை. ஆயின் அது உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு மாறியின் பிரதிபிம்பம் அன்று. எழுத்துகள் எவ்வாறு சேமிக்கப்படுகின்றன என்பது அதனாற் சிறிதும் வெளிப்படுவதில்லை. அதனை எப்போது அழைக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டுள்ளன. மீறினாற் பிழையாகப் பிடிக்கப்படும். எழுத்துகளைச் சேமிப்பதையே தொழிலாகக் கொண்ட கூறுக்கு எழுத்தை ஏற்றல் உண்மையான வினை. அவ்வாறே பொத்தான் ஒன்றின் நிறத்தை மாற்றுதலும் உண்மையான வினையே. நிறத்துக்கும் அகலத்துக்கும் இடையே காக்கப்படவேண்டிய விதி எதுவுமில்லை. எனவே குற்றம் பெயரிலே இல்லை. ஒவ்வொரு மாறிக்கும் ஒன்று எனச் சிந்தனையின்றி முளைக்கும் இடுமுறையே விலக்கப்படவேண்டியது.

தரவுத்தளத்திலிருந்து பொருள்களை உயிர்ப்பிக்கும் சட்டகங்களுக்கு இடுமுறை தேவை என்பது பிறிதொரு வாதம். இது ஒரு காலத்தில் ஓரளவு வலுவுடையதாயிருந்தது. ஆனால் ஹைபர்னேற் முதலிய அத்தகைய சட்டகங்கள் இடுமுறையின்றி மாறிகளையே நேரடியாக நிரப்பவல்லவை. 2006இல் வகுக்கப்பட்ட ஜாவா நிலைபேற்று விதிமுறை அதனை வெளிப்படையாக அனுமதிக்கிறது. சட்டகத்துக்குப் பின்வாசல் வேண்டுமென்பதற்காக முன்வாசலை எல்லோருக்கும் திறந்துவைப்பது என்ன நியாயம்? விதி எதுவுமின்றி, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தரவைச் சுமந்துசெல்வதற்கு மட்டும் பயன்படும் பொருள்களும் உண்டு. அவற்றுக்கு உறையாக்க வேடம் தேவையில்லை. அவற்றை வெளிப்படையான தரவென்றே எழுதிவிடலாம்; அல்லது 2021இல் ஜாவா 16 உடன் மொழியில் நிலைபெற்ற 'றெக்கோட்' வகையில் எழுதலாம். அவ்வகைக்கு இடுமுறை இல்லை என்பது கவனிக்கத்தக்கது. இடுமுறையை உலகெங்கும் பரப்பிய மொழியே ஏறத்தாழக் கால் நூற்றாண்டின் பின்னர் அதனை விலக்கி ஒரு வகையைப் படைத்துள்ளது.

எஞ்சியிருப்பது வகுப்பறை. கைத்தொழிற்றுறையில் உள்ளோர் தம் தவறுகளின் விலையைத் தாமே கொடுத்துத் திருந்துகின்றனர். மாணவன் அவ்வாறு திருந்த வாய்ப்பில்லை. அவன் எழுதும் வகுப்பு பரீட்சை முடிந்ததும் இறந்துவிடுகிறது. ஆகவே 'மாணவன்' என்ற வகுப்பை எழுதி, பெயர், வயது, புள்ளி ஆகியவற்றுக்குப் பெறுமுறையும் இடுமுறையும் சேர்க்குக என்று கேட்கும் வினா, கேட்கப்பட்ட நாளிலிருந்து அவன் விரல்களிற் பதிந்துவிடுகிறது. அவ்வினாவுக்கு விடையெழுத உறையாக்கம் பற்றி ஒன்றுமே அறிந்திருக்க வேண்டியதில்லை, திருத்துவதும் எளிது. திருத்துவதற்கு எளிது என்பதைத் தவிர அதன் நீண்ட ஆயுளுக்கு வேறு காரணம் தென்படவில்லை.

அதற்குப் பதிலாக வேறொரு வினாவைக் கேட்கலாம். நூலகத்தில் ஒரு நூலின் பிரதி இரவல் கொடுக்கப்படுகிறது, திரும்புகிறது, சிலவேளை தொலைகிறது, தொலைந்தது மீண்டும் அகப்படுகிறது. வேறொருவர் அதற்கு முற்பதிவு செய்தும் இருக்கலாம். தொலைந்த பிரதியை இரவல் கொடுக்கமுடியாது. முற்பதிவு செய்யப்பட்ட பிரதியை வேறொருவருக்குக் கொடுக்கமுடியாது. இப்பிரதியை ஒரு வகுப்பாக எழுதுக. அதன் நிலையை வெளியார் எவரும் நேரே மாற்ற இயலாதிருத்தல் வேண்டும். இவ்வினாவுக்கு விடையெழுதும் மாணவன் முதலில் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, நூலகத்தில் உண்மையில் என்னென்ன வினைகள் நிகழ்கின்றன என்று யோசிக்கவேண்டியவனாகிறான். ஒரு பிரதி தொலைந்த பின்னரும் அதற்குரிய முற்பதிவு நிலைக்குமா என்று விரிவுரையாளரிடம் கேட்கவும் கூடும். விரிவுரையாளரும் நூலகரைக் கேட்டுத்தான் அதற்கு விடை சொல்லவேண்டியிருக்கும்.